கைகாட்டியில் காய்ந்த கம்பளி

வண்டிச் சத்தம் கேட்டால் சின்னக்கண்ணு முதலில் வாயிலிருக்கும் வெற்றிலையைக் கன்னத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்வார். பிறகு இடது கண்ணை மூடுவார். காதால் கேட்பதற்குக் கண்ணை எதற்கு மூட வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை; கேட்டால் அதற்கும் ஒரு வசவு விழும். கீழ்வளைவில் கியர் மாறுகிற சத்தத்தை வைத்தே வருவது காரா, வேனா, கூட்டமாக வரும் மோட்டார் சைக்கிளா என்று முடிவுகட்டி, அதற்குரிய வசவைத் தயாராக எடுத்து வைத்துக்கொள்வார். காருக்கு ஒன்று, வேனுக்கு ஒன்று. ஹெல்மெட்டின்மேல் கொம்பு ஒட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வண்டி வீட்டைத் தாண்டும்போது வசவும் முடிந்திருக்கும். அதன்பின் ரோட்டுக்கு இறங்கி, சக்கரம் ஓரமாகச் சிதறடித்துவிட்டுப் போன ராகிக் கதிர்களை வலது காலால் மெல்ல அணைத்து அணைத்து மறுபடி சக்கரத் தடத்துக்குக் கொண்டுவருவார். தூங்குகிற பிள்ளையின் தலையைத் தலையணைக்கு நகர்த்துவதுபோல அவ்வளவு பதனமாக இருக்கும் அந்தக் கால்வேலை. அடுத்த வண்டி வருகிற வரை வாய்க்கும் காலுக்கும் ஓய்வு.

மலைமேல் வளப்பூர் நாட்டில், அருவிக்குப் போகிற பழைய ரோட்டோரம் அவர் வீடு. ரோட்டுக்கு மேலே வீடு, வீட்டுக்குப் பின்னால் அகலமான ஒரு பாறை, பாறைக்கு அப்பால் பள்ளம். வயது எழுபத்திரண்டு. பதினெட்டு வருடத்துக்கு முன்பு அந்த ரோட்டுக்குத் தார் போட வந்தபோது, ஜல்லி லாரிக்கு முன்னால் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தவர் அவர். ரோடு வந்தால் முதலில் திருடன் வருவான், அவன் பின்னால் கடன்காரன் வருவான், கடைசியாக டாக்டர் வருவார் என்று அன்றைக்குச் சொன்னார். மூன்று பேரும் வந்தார்கள். டாக்டர் மட்டும் வாரத்துக்கு ஒரு நாள்.

ரோடு வந்த முதல் அறுவடைக்கே ராகிக் கதிரைக் கொண்டுவந்து தாரின்மேல் பரப்பியவரும் அவர்தான். மாடு கட்டித் தாம்பு ஓட்டிக் கதிரடித்த காலத்தில் நாலு நாள் ஆன வேலையை, சேலத்துக் கார்களும் ஈரோட்டு வேன்களும் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தன. தீனி கேட்கவில்லை. சாணி போடவில்லை. ஒரு வருடம் பார்த்தார். மறு வருடம் மாடுகளை விற்றுவிட்டார். அதற்காக அந்தக் கார்களைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

இந்தக் காலத்தின்மேல் அவருக்கு இருந்த வழக்குகள் ஏராளம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் மாணிக்கம் வீடியோவில் கூப்பிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். மகனுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் காதுமயிர் மட்டும் தெரியும். முகத்தைக் காட்டச் சொன்னால், முகம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வா என்பார். பிராய்லர் கோழி அவருக்குக் கோழியே இல்லை, கூவத் தெரியாத பண்டம். சுனையும் ஊற்றுமாகக் கிடக்கிற மலைக்கு, கீழிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்துவிட்டுப் பாட்டிலை இங்கேயே வீசிவிட்டுப் போகிறவர்கள் என்ன படித்தவர்கள் என்று கேட்பார். அந்தப் பாட்டில்களைப் பொறுக்கித்தான் மண்ணெண்ணெயும் தேனும் ஊற்றி வைத்திருந்தார். நூறு நாள் வேலையைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முன்பு வேலை செய்தால் கூலி, இப்போது போட்டோவில் நின்றால் கூலி. இதை அவர் சொல்லும்போது அந்தப் போட்டோவில் நின்றுவிட்டு வந்த அவர் மனைவி சென்னம்மாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

ஊரில் யாரும் அவரை மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தால் பேச்சு நீளும்.

எல்லாவற்றிலும் பெரிய வழக்கு ரோட்டோடுதான். ஆரன் சத்தத்தில் பலாப்பிஞ்சு உதிர்கிறது, மிளகு காய்க்கவில்லை, ஆட்டுக்குக் குட்டி தங்கவில்லை என்று மூன்று கிராமசபையில் தொடர்ந்து எழுந்து பேசினார். நாலாவது கிராமசபை நடக்கும்போது மகனைப் பார்க்கத் திருப்பூர் போகவேண்டி வந்ததால், மனுவாகவே எழுதச்சொல்லிக் கைநாட்டு வைத்து வார்டு மெம்பர் அர்த்தனாரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அர்த்தனாரி முறைக்கு மருமகன். சுற்றுலா வண்டி எதுவும் இந்த ரோட்டில் வரக்கூடாது என்பது மனுவின் சாரம்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கைகாட்டியில் பலகை நின்றது. கைகாட்டி என்பது வீட்டிலிருந்து ஒன்றரை மைலில் ரோடு இரண்டாகப் பிரிகிற இடம். அருவிக்குப் புதிதாக அகலமாகப் போட்ட ரோடு அங்கிருந்து வலப்பக்கம் போகும். பழையது இடப்பக்கம். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: சுற்றுலா வாகனங்கள் புதிய சாலையில் செல்லவும், இவ்வழி அனுமதி இல்லை.

பஸ்ஸைவிட்டு அங்கேயே இறங்கி, பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். எழுத்துக் கூட்டத் தெரியாது. கண்டக்டர் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து கார்த்திகை முடிகிற வரை அந்த மனுதான் ஊரில் பேச்சு. சர்க்காரை எப்படிக் கேட்டால் பணியும் என்று டீக்கடையில் பாடம் நடத்தினார். படித்த பிள்ளைகள் பத்துப் பேர் செய்ய முடியாததை ஒரு கைநாட்டு செய்ததாகச் சொல்லிக்கொண்டார். சென்னம்மாள் அதை ஒரு முறைகூட மறுக்கவில்லை. "ஆமாங்க" என்று மட்டும் சொல்வாள்.

மார்கழி பிறந்தது. கதிர் அறுத்து, அம்பாரம் போட்டு, நாலு நாள் புழுங்கவிட்டு, திங்கட்கிழமை காலை வழக்கம்போல ரோட்டில் பரப்பினார். வழக்கம்போல வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழரை மணி பஸ் போனது. அதன்பின் பால்காரன் மொபெட். அதன்பின் ஒன்றுமில்லை. குருவிகள் வந்தன. பக்கத்து வீட்டு நாய் கதிரின்மேல் சுருண்டு படுத்தது. மத்தியானம் வரை இடது கண்ணை மூட அவருக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

செவ்வாயும் அப்படியே. பஸ் இரண்டு நடை. அதுவும் டிரைவர் கதிரை மிதிக்காமல் ஓரம் கட்டி ஓட்டிக்கொண்டு போனார். வழுக்கும் என்கிற பயம். சின்னக்கண்ணு பஸ்ஸுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து, மேலே ஏற்றிப் போனால் உன் டயர் தேய்ந்தா போகும் என்று கேட்டார். பஸ் நிற்கவில்லை.

சாயந்திரம் அர்த்தனாரியின் மகள் அருணா வந்தாள். ராசிபுரத்தில் கல்லூரி, விடுமுறைக்கு வந்திருந்தாள். போனைப் பார்த்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை என்று போகிறபோக்கில் சொன்னாள். எறும்பு சொல்லட்டும், தட்டான் சொல்லட்டும், சார்ஜ் இல்லாவிட்டால் செத்துப்போகிற சாமான் என்ன மழையைச் சொல்லும் என்று சின்னக்கண்ணு அவளை விரட்டினார். அவள் பத்தடி போனதும் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, அது எத்தன மணிக்குன்னு சொல்லுது?"

"ரெண்டு மணிக்கு, அப்புச்சி."

கதிர் நனைந்தால் முளைவிடும். முளைவிட்ட ராகி கோழிக்குத்தான். வருடம் முழுவதற்குமான களி ரோட்டில் கிடந்தது. சென்னம்மாள் வாசலில் நின்றபடியே ஒரு யோசனை சொன்னாள். பின்னாலிருக்கிற பாறையைக் கூட்டிப் போட்டு, நாலு பொம்பளைகளைக் கூப்பிட்டுத் தடியால் அடித்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றாள். தடியைத் தூக்க இந்தக் காலத்தில் யார் கையில் தெம்பு இருக்கிறது, எல்லாம் போட்டோவில் நிற்கிற கை என்று அவர் அதை ஒதுக்கினார்.

"அப்பறம் என்னங்க பண்றது. மனுக் குடுத்தீங்க, பலிச்சுப்போச்சு," என்றாள் சென்னம்மாள்.

புதன்கிழமை காலை அர்த்தனாரி வீட்டுக்குப் போனார். நேராகக் கேட்க வாய் வரவில்லை. மிளகு விலையைப் பேசினார், மேகத்தைப் பேசினார், காபிச் செடிக்கு வந்திருக்கும் பூச்சியைப் பேசினார். கடைசியில், அந்தப் பலகையை ஒரு நாலு நாளைக்கு எண்ணெய் போட்டுத் துடைக்க எடுத்து வைக்கலாமே, பனியில் துருப்பிடிக்கிறது என்றார்.

அர்த்தனாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"அது கிராமசபைத் தீர்மானம், மாமா. நானா எடுக்க முடியாது. வேணும்னு கேட்டவங்களே வந்து வேண்டாம்னு எழுதிக் குடுக்கோணும்."

கேட்டவர் வந்து எழுதிக் கொடுப்பதாம். இரண்டு மாதமாக டீக்கடையில் நடத்திய பாடத்தை அவரே அழிப்பதாம். ராகி முளைத்தாலும் முளைக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டார். பாதி வழியில், முளைக்கவும் விடக்கூடாது என்று தோன்றியது.

வியாழக்கிழமை விடிந்ததும் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கைகாட்டிக்கு நடந்தார். பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் சில்வர் ஓக் மரங்கள்கூட யாரோ பாதி வரைந்துவிட்டு எழுந்துபோனதுபோல நின்றன. கம்பளியை ஓடையில் ஒரு முக்கு முக்கிப் பிழிந்து, பலகையின்மேல் நான்கு மூலையும் படிய விரித்துப் போட்டார். யாராவது கேட்டால் காயப்போட்டிருக்கிறேன் என்பது பதில். அந்தப் பனியில் அந்த இடத்தில் கம்பளி காய வேண்டுமானால் பங்குனி வர வேண்டும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

முதலில் ஒரு வெள்ளைக் கார். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, அருவிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். பதினெட்டு வருடமாக வசவு மட்டுமே கொடுத்துப் பழகிய வாய். மரியாதை கொஞ்சம் கரகரத்துக்கொண்டுதான் வந்தது.

"இப்படியே போங்க, சாமி. வலப்பக்கம் சும்மா ரோடு. பாக்கறதெல்லாம் இந்தப் பக்கந்தான்."

"இங்க என்ன இருக்கு?"

"பாறை இருக்குதுங்க. என்ற ஊட்டுக்குப் பின்னால."

"அங்கிருந்து என்ன தெரியும்?"

அந்தப் பாறையில் எது காய்கிறது என்றுதான் அவர் பார்த்திருக்கிறாரே தவிர, அதிலிருந்து எது தெரிகிறது என்று வாழ்நாளில் பார்த்ததில்லை. "எல்லாந் தெரியுங்க," என்றார். கார் நகரும்போதுதான் முக்கியமான விஷயம் ஞாபகத்துக்கு வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "ரோட்டுல ராகிக் கதிரு கெடக்கும். ஒதுங்கிப் போயராதீங்க. அதும்மேல ஏத்திப் போகோணும். மலைக்கு மொதத்தரம் வர்ற வண்டிக்கு அதான் மொற. புதுக் காருன்னா மூணு தரம்."

வழக்கங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் பதினோரு கார், இரண்டு வேன், ஹெல்மெட்டில் கொம்பு ஒட்டியவர்கள் ஒரு கூட்டம். ஒவ்வொரு வண்டிக்கும் அந்த முறை கொஞ்சம் வளர்ந்தது. வேன்காரரிடம், முன்சக்கரம் ஏறும்போது மனதில் நினைத்தது நடக்கும் என்றார். கொம்புக்காரர்களிடம், மெதுவாக ஏற்றினால்தான் பலன் என்றார். வேகமாகப் போனால் கதிர் சிதறும்.

பத்து மணிக்கு மேல் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார். கீழ்வளைவில் திரும்பியபோது ரோடு திருவிழாபோல இருந்தது. நாமக்கல் பதிவு எண்ணோடு ஒரு புதுக் கார் கதிரின்மேல் போய், பின்னால் வந்து, மறுபடி போனது. இறங்கி நின்ற காரோட்டியின் மாமியார் ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணினார். பாறையின் மேல் முப்பது பேர் நின்றார்கள். எதிரே வெள்ளையாகப் பனி தவிர ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை முப்பது பேரும் படம் எடுத்தார்கள். சென்னம்மாள் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றி டீ போட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. கதிரைக் காலால் அணைக்கப் போய்விட்டார்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் குனிந்து ராகியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். கோயம்புத்தூரில் இதற்கென்றே கடைகள் இருப்பதாகவும், அங்கே கிடைப்பதை நம்ப முடியவில்லை என்றும் சொன்னாள். "மெஷின் எதுலயும் போடாததுதானே? பாரம்பரிய முறைதானே?" என்று கேட்டாள்.

"கையே படறதில்லீங்க," என்றார் சின்னக்கண்ணு. அவர் சொன்ன ஒரே உண்மை அன்றைக்கு அதுதான். அந்த அம்மாள் இரண்டு படி கேட்டு வாங்கிக்கொண்டு, தன் காரை அதன்மேல் ஏற்றிப் போனாள்.

சாயந்திரத்துக்குள் கதிர் முழுவதும் உதிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிகாலையிலிருந்து சென்னம்மாள் முறத்தோடு உட்கார்ந்தாள். தூற்றி, புடைத்து, சலித்து, மறுபடி புடைத்து, தாரும் மணலும் கண்ணாடித் துணுக்கும் தனியாக, ராகி தனியாகப் பிரித்து மூட்டை கட்டி முடித்தபோது அவள் இடுப்பு நிமிரவில்லை. ஒரு மணி ஐம்பத்தைந்துக்கு முதல் தூறல் விழுந்தது. சின்னக்கண்ணு மூட்டையின்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்.

"பாத்தியா. இந்த போனுல சொல்லிச் சொல்லித்தான் மழைய வரவெக்கறானுக," என்றார்.

சென்னம்மாள் முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்தாள்.

கம்பளியைப் போய் எடுத்துவந்துவிட்டார். பலகை மறுபடி தெரிந்தது. ஆனால் இனி அதைப் படிக்க யாருமில்லை. விளையாட்டாக அருணா அந்தப் பாறையைப் போன் வரைபடத்தில் 'சின்னக்கண்ணு வியூ பாயிண்ட்' என்று குறித்துவிட்டாள். போன் இடப்பக்கம் திரும்பு என்று சொன்னால் பலகை என்ன சொன்னாலும் வண்டி இடப்பக்கம்தான் திரும்பும். தை பிறந்ததும் சனி ஞாயிறுகளில் வண்டி வரிசை கீழ்வளைவு வரை நின்றது. அறுவடை முடிந்து ரோடு காலியாகக் கிடக்க, வந்தவர்கள் இறங்கி, ஏற்றிப் போக வேண்டிய ராகி எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் முகம் வாடினார்கள். வேறு வழியில்லாமல் மணி உதிர்ந்த வெறும் ராகித் தாளைக் கொண்டுவந்து பரப்பி வைத்தார். அதன்மேலும் ஏற்றினார்கள். நினைத்தது நடந்திருக்கும்போல, மறுபடி வந்தார்கள்.

வந்தவர்கள் எழுதியதை அருணா அவருக்குப் படித்துக் காட்டுவாள். இடம் சுமார், பாறைதான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரியவர் திட்டிக்கொண்டே வழிகாட்டுகிறார், அதற்காகவே போகலாம், நாலு நட்சத்திரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐந்தாவதை எவன் எடுத்துக்கொண்டான் என்று சின்னக்கண்ணு விசாரித்தார். தன்னைக் கேட்காமல் தன் பெயரை ஊரெல்லாம் போட்டதற்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றும் சொன்னார். எழுதவில்லை.

ஆரன் சத்தத்தில் பலாப்பிஞ்சு உதிர்வது பற்றிய பேச்சு டீக்கடையில் மறுபடி ஆரம்பமானது. முன்னைவிட இப்போது குரல் நன்றாக எடுத்தது. வண்டிகளைத் தடுக்க தான் ஒற்றை ஆளாகப் பலகை வைத்ததையும், சர்க்கார் பலகைக்கே மதிப்பில்லாமல் போனதையும், இந்தக் காலத்து ஜனங்களுக்கு எழுதியிருப்பதைப் படிக்கிற பழக்கம் அற்றுப்போனதையும் அவர் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

இவ்வளவும் நடந்து வெகுநாள் கழித்துத் தெரியவந்தது ஒன்று உண்டு. ஊராட்சிச் செயலர் ரோஸ்லின், கீழிருந்து வேலைக்கு வந்தவர், எந்த நோட்டையும் ஒழுங்காக வைத்திருப்பவர். வேறு எதற்கோ பழைய தீர்மான நோட்டைப் புரட்டியபோது பலகைத் தீர்மானம் இருந்த பக்கம் வந்தது. சின்னக்கண்ணுவின் மனு அன்றைய கிராமசபைக்கு வரவே இல்லை. அர்த்தனாரியின் பைக் பெட்டியில் பழைய இன்சூரன்ஸ் சீட்டோடு அது இன்னும் இருக்கிறது. பலகை கேட்டவர் என்ற இடத்தில், மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கோணல் எழுத்தில், சென்னம்மாள் என்று கையெழுத்து இருக்கிறது. காரணம் என்ற இடத்தில், அவள் சொன்னதை ரோஸ்லின் சொன்னபடியே எழுதியிருக்கிறார்: "பதினெட்டு வருடமாக ரோட்டு மண்ணைச் சலிக்கிறேன். வண்டி வராமல் இருந்தால் இந்த வருடமாவது ராகியைப் பாறையில் அடிப்பார்."